கஞ்சாவோடு பிடிபட்டவன் விடுதலை: பிரிவு 50 யாருக்காக?

வருசநாடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவனை 2021ல் கஞ்சாவோடு பிடித்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு பையோடு நின்றவனைச் சுற்றி வளைத்துப் பிடித்ததை ஊரில் பாதிப்பேர் பார்த்தோம். 21 கிலோவுக்கு மேல் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான், பெயிலில் வந்தான், போன வாரம் விடுதலையும் ஆகிவிட்டான். போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50ஐ போலீஸ் சரியாகப் பின்பற்றவில்லையாம், அதனால் கேஸ் உடைந்துவிட்டதாம். வக்கீல் குமாஸ்தா ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்றால், என்னிடம் படித்த பையன் ஒருவன் பத்தாம் வகுப்பில் 430 மதிப்பெண் எடுத்தவன். பதினொன்றில் பாதியோடு நின்றுவிட்டான். அவன் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பொட்டலத்தை எடுத்தவனே நான்தான். நோட்டுத் தாளில் மடித்து வைத்திருந்தான், அவன் கையெழுத்திலேயே பாதி கணக்கு போட்ட தாள். அவன் அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர், ஸ்டாஃப் ரூம் வாசலில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பொருள் கையில் இருந்தது உண்மை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு தாளில் ஒரு வரி விட்டுப்போனதற்காக விட்டுவிடலாமா? இந்தப் பிரிவை எல்லாம் யாருக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்பு அங்கி எழுதியது:

ஐயா, வணக்கம். மதுரையில் பதினான்கு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். என்.டி.பி.எஸ்., அதாவது போதைப்பொருள் சட்ட வழக்குகளில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புக்குத்தான் அதிகம் ஆஜராகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைக் கடைசியில் கேட்கிறேன்.

1985ஆம் வருட போதைப்பொருள் சட்டம் நாட்டிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருடம் வரைதான் தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அங்கே குறைந்தபட்சமே 10 வருடம், 1 லட்சம் அபராதம், மேலே 20 வருடம் வரை போகலாம். நீதிபதியே இரக்கப்பட்டாலும் 10க்குக் கீழே இறங்க முடியாது. ஹெராயினுக்கு அந்தக் கோடு 250 கிராம், மெத்தம்பெட்டமினுக்கு வெறும் 50 கிராம். இதோடு பிரிவு 35ம் 54ம் இருக்கின்றன. பொருள் உன்னிடம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், எனக்குத் தெரியாது என்பதை நிரூபிக்கும் பாரம் உன் தலையில். கொலை வழக்கில்கூட இந்தச் சுமை கிடையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொலை என்றால் பிணம் இருக்கும், காயம் இருக்கும், முன்பகை இருக்கும், செல்போன் டவர் இருக்கும். இந்த வழக்கில் என்ன இருக்கிறது? ஒரு பை, அதை எடுத்த போலீஸ்காரர், அவர் எழுதிய மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதைப் பற்றி அந்த இடத்தில் எழுதும் பதிவு. மகஜர் சாட்சியாக வருகிற வி.ஏ.ஓ.வும் பெரும்பாலும் போலீஸ் கூப்பிட்டு வந்தவர்தான். பையை அவன் கொண்டுவந்தானா, வேறு யாராவது கொண்டுவந்ததா என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை. அதனால்தான், சோதனை போடுகிற முறையையே சட்டம் ஒரு சாட்சியைப் போல நிறுத்தியிருக்கிறது. உடம்பைச் சோதிக்குமுன், உன் பக்கத்திலுள்ள அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னாலோ மாஜிஸ்திரேட் முன்னாலோ சோதனை செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். பிரிவு 50 இதுதான்.

1999ல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: இந்த உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் உடம்பில் எடுத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. நடுவில் சில தீர்ப்புகள் ஏறக்குறைய பின்பற்றினால் போதும் என்று தளர்த்தின. 2010ல் ஜடேஜா வழக்கில் மறுபடியும் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, ஏறக்குறைய எல்லாம் கிடையாது, முழுசாகப் பின்பற்ற வேண்டும் என்று முடித்துவிட்டார்கள்.

நடைமுறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். சம்மதக் கடிதம் என்று ஒரு தாள் வரும். ஸ்டேஷனில் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருப்பார்கள், பெயர் எழுத மட்டும் கோடு விட்டிருக்கும். "நீங்களே சோதனை செய்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் கைநாட்டு வைத்திருப்பான். ஒரு வழக்கில் மூன்று பேரின் கடிதத்திலும் ஒரே எழுத்துப் பிழை ஒரே இடத்தில் இருந்தது. குறுக்கு விசாரணையில் எஸ்.ஐ.யிடம் கேட்டேன்: இதை எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் எழுதினீர்கள்? தெருவிளக்கு வெளிச்சத்தில் கையால் எழுதினேன் என்றார். தாள் டைப் அடித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு வரி விட்டுப்போன விஷயம் இல்லை ஐயா. அந்த எஸ்.ஐ. சத்தியம் செய்துவிட்டு நடக்காததைச் சொன்னார். அதே ஆள், பை அவன் கையில் இருந்தது என்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

இப்போது என் சந்தேகம். உங்கள் ஊர் ஆள் பையோடு பிடிபட்டான் என்கிறீர்கள். பைக்குப் பிரிவு 50 பொருந்தாது. பவன் குமார் வழக்கில் 2005லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குமாஸ்தா சொன்ன காரணம் சரியாக இருக்க வாய்ப்பு குறைவு. தீர்ப்பைப் படித்தீர்களா?

வருசநாடு எழுதியது:

இல்லை சார், படிக்கவில்லை. தீர்ப்பை எங்கே வாங்குவது என்றுகூட எனக்குத் தெரியாது.

கருப்பு அங்கி எழுதியது:

இ-கோர்ட்ஸ் தளத்தில் சிறப்பு நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து வழக்கு எண்ணைப் போடுங்கள். தீர்ப்பை ஏற்றியிருந்தால் பி.டி.எஃப். கிடைக்கும். எண் தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், வருடம் வைத்தும் தேடலாம்.

சட்டம் மூன்றாமாண்டு எழுதியது:

சார், நான் சட்டக் கல்லூரி மாணவி. இந்தப் பை விஷயம் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. ஒன்றரைக் கிலோவை வயிற்றில் கட்டியிருந்தால் மாஜிஸ்திரேட் வரைக்கும் உரிமை, அதே ஒன்றரைக் கிலோ தோளில் தொங்கும் பையில் இருந்தால் ஒன்றும் இல்லையா? போலீஸ் பொருளை வைத்துவிடும் ஆபத்து பையில்தானே அதிகம்? சட்டைக்குள் வைப்பது கஷ்டம், பைக்குள் போடுவது சுலபம்.

இன்னொன்றும் கேட்கிறேன். சட்டவிரோதமாகச் சோதனை செய்து எடுத்தாலும் அந்தச் சாட்சியம் செல்லும் என்று 1974 பூரன் மல் தீர்ப்பை எங்களுக்கு வகுப்பில் நடத்தினார்கள். அமெரிக்காவில் அப்படிக் கிடையாது, கெட்ட வழியில் வந்த சாட்சியத்தைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள், இந்தியாவில் எடுத்துக்கொள்வோம் என்றார் எங்கள் பேராசிரியர். அப்படியானால் பிரிவு 50 மட்டும் எப்படி விதிவிலக்கு ஆனது?

கருப்பு அங்கி எழுதியது:

இரண்டும் நல்ல கேள்வி தம்பி. மன்னிக்கவும், தங்கச்சி.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். பல்தேவ் சிங்கில் அரசுத் தரப்பு பூரன் மல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. நீதிமன்றம் பிரித்துச் சொன்னது: அது வருமான வரிச் சோதனை, அங்கே எடுத்தது மற்ற விஷயங்களை நிரூபிக்கும் தகவல். இங்கே எடுக்கிற பொருளே குற்றம். அதை வைத்திருந்தான் என்பதைத் தவிர நிரூபிக்க வேறு எதுவும் இல்லை. அந்தக் கைப்பற்றுதலே சட்டப்படி இல்லை என்றால், வைத்திருந்தான் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்ட முடியாது. வேறு சுயேச்சையான சாட்சியம் இருந்தால் தாராளமாகக் காட்டலாம்.

பை விஷயத்தில் உன் பக்கம்தான் நானும். 2005க்குப் பிறகு வந்த தீர்ப்புகளும் ஒரே கோட்டில் போகவில்லை. பையையும் உடம்பையும் சேர்த்துச் சோதித்தால் 50 பொருந்தும் என்று பரமானந்த் வழக்கில் 2014ல் சொன்னார்கள், 2018ல் எஸ்.கே. ராஜு வழக்கிலும் அதே. அப்புறம் 2019ல் பல்ஜிந்தர் சிங், 2023ல் ரஞ்சன் குமார் சத்தா. பொருள் பையில் கிடைத்திருந்தால் 50ஐப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று இறுக்கிவிட்டார்கள். இப்போது கீழ்க் கோர்ட்டில் அதுதான் ஓடுகிறது. அதனால் போலீஸும் கற்றுக்கொண்டுவிட்டது. நான் பார்க்கும் குற்றப்பத்திரிகைகளில் பொருள் எப்போதும் கட்டைப் பையில், டிராவல் பேக்கில், சாக்கில்தான் இருக்கிறது. உடம்பில் எடுத்ததாக வருவதே குறைந்துபோய்விட்டது.

பரமானந்த் வழக்கில் இன்னொரு விஷயமும் உண்டு, படித்து வை. மாஜிஸ்திரேட்டா, அதிகாரியா, இல்லை எங்களோடு வந்திருக்கும் எங்கள் சூப்பரின்டெண்டெண்டா என்று மூன்றாவதாக ஒரு வழியைக் காட்டினார்கள். அந்த மூன்றாவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவர் எப்படி நடுநிலை சாட்சி ஆவார்? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமையைச் சொன்னதும் தவறு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

பழைய ரோந்து எழுதியது:

நான் காவல்துறையில் 31 வருடம் இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். வக்கீல் தம்பி எழுதியதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ராத்திரி ரெண்டு மணி. தகவல் வருகிறது, ஆந்திரா பக்கமிருந்து சரக்கு ரயிலில் வந்து இறங்கி, பஸ் மாறிக் கம்பம் போகிறதாம். என்னோடு ரெண்டு கான்ஸ்டபிள், ஒரு ஜீப். சட்டம் என்ன சொல்கிறது? தகவலை உடனே எழுத வேண்டும், 72 மணி நேரத்தில் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும், கட்டடம் என்றால் பொழுது சாய்ந்தபிறகு வாரண்ட் இல்லாமல் நுழையக் காரணம் எழுத வேண்டும். அது பிரிவு 42. பொது இடம் என்றால் 43. பிடித்து, எடை போட்டு, சாம்பிள் எடுத்து, அரக்கு வைத்து, 48 மணி நேரத்தில் 57இன் கீழ் அறிக்கை. இதற்கு நடுவில் டி.எஸ்.பி.யை எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார். கோர்ட்டுக்கு அஞ்சாறு வருடம் அலைய யார் வருவார்? தராசுக்கே பழைய இரும்புக் கடையில் போய் நின்றிருக்கிறேன்.

ஜீப் பானட்டில் டார்ச் வெளிச்சத்தில் எழுதிய மகஜர் அது. அதில் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டு நாலு வருடம் கழித்து ஏசி ரூமில் நின்று கேட்டால் நாங்கள் என்ன செய்வது?

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டைப் அடித்த சம்மதக் கடிதம் எங்கள் ஸ்டேஷனிலும் இருந்தது. ரைட்டர் பீரோவில் கட்டாக வைத்திருப்பார். நானும் அதில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உரிமையை வாயால் சொல்லி, அவன் புரிந்துகொண்டானா என்று பார்த்து வாங்கியது எத்தனை என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. இதை எழுதும்போது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கருப்பு அங்கி எழுதியது:

ஐயா, இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

நீங்கள் சொல்லும் கஷ்டத்தை நீதிமன்றம் அறவே பார்க்காமல் இல்லை. 2009ல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? அவசரத்தில் தகவலை எழுதி அனுப்பத் தாமதமானால், தாமதத்துக்கு நம்பும்படியான விளக்கம் இருந்தால் போதும். அறவே செய்யாமல் விட்டால்தான் கேஸ் போகும். பிரிவு 50லேயே 2001ல் ஐந்தாவது, ஆறாவது உட்பிரிவுகளைச் சேர்த்தார்கள். ஆளைக் கூட்டிப்போனால் பொருளைக் கைமாற்றிவிடுவான் என்று நம்பினால் அங்கேயே சோதிக்கலாம், காரணத்தை எழுதி 72 மணி நேரத்தில் மேலே அனுப்பினால் சரி. வழி இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை.

புகார் கொடுத்தவரே விசாரணை செய்தால் வழக்கு செல்லாது என்று 2018 மோகன்லால் தீர்ப்பில் வந்தது. அதை 2020ல் முகேஷ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் மாற்றிவிட்டார்கள், அதனால் மட்டும் விடுதலை கிடையாது, பாரபட்சம் காட்டினார் என்று நிரூபிக்க வேண்டும் என்று. எல்லாத் தீர்ப்பும் எங்கள் பக்கமே வருகிறது என்று நினைக்க வேண்டாம்.

மல்லி எழுதியது:

நான் இந்தத் தளத்தில் சமையல் பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன். இந்த இழையைப் பார்த்ததும் இரண்டு நாளாகக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

என் தம்பி ஆட்டோ ஓட்டினான். ஊர் சொல்லவில்லை. ராத்திரி ரயில் சவாரி. இரண்டு பேர் மூன்று பையோடு ஏறினார்கள். போகிற வழியில் போலீஸ் மறித்ததும் அந்த இரண்டு பேரும் இறங்கி ஓடிவிட்டார்கள். தம்பி ஓடவில்லை. வண்டியை விட்டுவிட்டு எங்கே ஓடுவான், வண்டிக்கு மாதம் 7,200 தவணை கட்டிக்கொண்டிருந்தான். மூன்று பையில் 26 கிலோ. அவன்தான் முதல் எதிரி, ஓடியவர்கள் பெயர் தெரியாத எதிரிகள்.

பெயில் கேட்டோம், கிடைக்கவில்லை. மறுபடி கேட்டோம், கிடைக்கவில்லை. வணிக அளவு என்றால் பிரிவு 37 குறுக்கே நிற்கிறதாம். இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதிக்கே முதலில் தோன்ற வேண்டுமாம். விசாரணையே நடக்காமல் எப்படித் தோன்றும்? 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் பெயில் கிடைக்குமாம், அது முடிவதற்குச் சரியாக நாலு நாள் இருக்கும்போது குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டார்கள், அந்த வழியும் அடைந்தது. இரண்டு வருடம் நாலு மாதம். சிறையில் மனு போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்களாக்கா" என்று கேட்பான். இல்லை, ஃபைனான்ஸ்காரர்கள் எடுக்கவில்லை, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் எதில் விடுதலை ஆனான் தெரியுமா. அவன் பயணியை ஏற்றியது உண்மை என்று யாரும் நம்பி இல்லை. தகவல் முன்கூட்டியே வந்தது என்று எஸ்.ஐ. சொன்னார், ஆனால் அதை எழுதிய தாள் இல்லை, மேலதிகாரிக்கு அனுப்பியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆட்டோ பொது இடத்தில் நின்றாலும் தனியார் வண்டி, 43 பொருந்தாது, 42தான் என்று எங்கள் வக்கீல் வாதாடினார், 2021ல் பூட்டா சிங் என்று ஒரு தீர்ப்பைக் காட்டினார். ஆசிரியர் சார், நீங்கள் கேட்ட அந்த விட்டுப்போன ஒரு வரியால்தான் என் தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் தெரியாமல் ஏற்றினான் என்பதை நிரூபிக்க எங்களிடம் வேறு எதுவுமே இல்லை.

அந்தத் தாள் இல்லை என்பது அவனைப் பிடித்த மூன்றாவது நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதைப் பார்க்க ஏன் இரண்டு வருடம் நாலு மாதம் ஆயிற்று என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

வருசநாடு எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். உடனே பதில் எழுத வரவில்லை. உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

மல்லி எழுதியது:

லோடு வண்டியில் கிளீனராகப் போகிறான் சார். ஓட்டச் சொன்னால் ஓட்ட மாட்டேன் என்கிறான்.

பொருளறை எழுதியது:

நீதிமன்றத்தில் வழக்குப் பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இங்கே எல்லோரும் பிடிக்கிற நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் பாதிக் கேஸ் பிடித்ததற்குப் பிறகுதான் சாகிறது.

பிடித்த இடத்திலேயே போலீஸ் இரண்டு சாம்பிள் எடுத்து எஸ்1, எஸ்2 என்று எழுதி அரக்கு வைத்துவிடுவார்கள். 52ஏ பிரிவு என்ன சொல்கிறது? பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, மாஜிஸ்திரேட் முன்னால் சாம்பிள் எடுத்து அவரிடம் சான்று வாங்க வேண்டும். 2016ல் மோகன்லால் வழக்கில் (முன்னால் சொன்ன மோகன்லால் வேறு, இது வேறு) உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. 2022 டிசம்பரில் தனி விதிகளே வந்துவிட்டன. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. 2023 அக்டோபரில் யூசுப் வழக்கில் சென்னையில் பிடித்த 20 கிலோ ஹெராயின் கேஸே இதனால் போயிற்று. மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல் போட்டு சாம்பிள் எடுத்ததற்கு ஆவணமே இல்லை.

பொருள் வரும்போது பார்க்க வேண்டும். சாக்குத் துணியில் அரக்கு உருகி ஒட்டியிருக்கும், முத்திரையில் என்ன எழுத்து இருக்கிறது என்றே தெரியாது. சீட்டில் சாட்சி கையெழுத்து மழையில் கரைந்திருக்கும். மூட்டையை நகர்த்தினால் தூள் கொட்டும். சென்னையில் 2023 ஜூலையில் ஒரு கேஸில் 22 கிலோவில் 21 கிலோ 900 கிராமை எலி தின்றுவிட்டது என்று போலீஸ் சொன்னது. சாம்பிளாகப் போன 100 கிராம்தான் மிச்சம். இரண்டு பேரும் விடுதலை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் வேலை பார்த்த அறையிலும் எலி உண்டு, பொறி வாங்கப் பணம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததில்லை.

எடை விஷயம் இன்னும் மோசம். பச்சையாக, ஈரமாக வருகிற கஞ்சா காய்ந்தால் இறங்கும். சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிதான். இலையும் விதையும் அந்த நுனி இல்லாமல் தனியாக இருந்தால் கஞ்சாவே இல்லை. தண்டு, இலை, சாக்கு எல்லாம் சேர்த்து 21 கிலோ என்று எழுதுவார்கள். 20ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பதில் ஒரு மனிதனின் பத்து வருடம் இருக்கிறது.

கருப்பு அங்கி எழுதியது:

52ஏ பற்றி ஒரு திருத்தம், அண்ணே. இப்போது காற்று மாறியிருக்கிறது. 2024 டிசம்பரில் காஷிப் வழக்கு, 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே வழக்கு. 52ஏ முக்கியமாகப் பொருளை அழிப்பதற்காக வந்த பிரிவு, அதில் குறை இருப்பதால் மட்டும் பெயிலோ விடுதலையோ கிடைக்காது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டிக்கலாம் என்கிறார்கள். குறை இருக்கிறது என்று எதிரி முதலில் காட்ட வேண்டும், காட்டினால் அரசுத் தரப்பு விளக்க வேண்டும்.

எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி பயம். சாம்பிள் சரியான பொருளிலிருந்துதான் வந்தது என்று வேறு வழியில் நிச்சயமாகத் தெரிந்தால், ஒரு படிவம் இல்லை என்று விடுவது சரியில்லைதான். ஆனால் அந்த வேறு வழி என்பது மறுபடியும் அதே எஸ்.ஐ., அதே வி.ஏ.ஓ. என்றால் நாம் எங்கே வந்து நிற்கிறோம்?

மல்லி அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதினான்கு வருடத்தில் இதைவிட நேரான கேள்வியை நான் கேட்டதில்லை. பெயில் நேரத்தில் நடைமுறைக் குறையைக் காட்டினால், அது விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம் என்று பெரும்பாலும் தள்ளிவிடுகிறார்கள். 37ஐ அப்படித்தான் படிக்கிறார்கள். விசாரணை முடிய மூன்று வருடம், நாலு வருடம். அதற்குள் தாள் இல்லாதவனும் உள்ளே, எல்லாத் தாளும் சரியாக இருக்கிறவனும் உள்ளே. பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது கடைசி நாளில்தான் வேலை செய்கிறது. நிரபராதிக்கு அது தாமதமாக வருகிறது. குற்றவாளியைப் பொறுத்தவரை, குறையைச் சரிசெய்யும் காலமெல்லாம் போனபிறகு வருகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். விசாரணை இழுத்தால் 37ஐ மீறியும் பெயில் கொடுக்கலாம் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

தாளைப் பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. 57இன் கீழ் அறிக்கை 48 மணி நேரத்தில் மேலதிகாரி மேசைக்குப் போகிறது. குற்றப்பத்திரிகை போடுவதற்குமுன் அரசு வக்கீலிடம் கருத்துக் கேட்கலாம். யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் முக்கால்வாசிக் குறை அன்றே தெரிந்துவிடும்.

சட்டம் மூன்றாமாண்டு எழுதியது:

தோஃபான் சிங் தீர்ப்பை யாரும் சொல்லவில்லையே? அது நம் சென்னை வழக்கு. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பணியகம், சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2020 அக்டோபரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்னால் அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்தே தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்று படித்தபோது அதிர்ச்சியாக இருந்தது. வாக்குமூலத்தை நம்ப முடியாமல் போனபிறகுதான் மகஜர், சாம்பிள், எடை எல்லாம் இவ்வளவு முக்கியமாகிறது என்று நினைக்கிறேன், சரியா சார்?

பழைய ரோந்து எழுதியது:

சரிதான் பாப்பா. லோக்கல் போலீஸுக்கு அந்த வசதி எப்போதும் இருந்ததில்லை, எங்களிடம் கொடுத்த ஒப்புதல் என்றைக்கும் செல்லாது.

2024 ஜூலை 1லிருந்து புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 105ஆம் பிரிவு வந்திருக்கிறது, சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். இப்போது வேலையில் இருக்கும் பையன்கள் செல்போனில் எடுக்கிறார்கள். என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பையைத் திறப்பதற்குமுன் கேமராவை ஆன் செய். திறந்தபிறகு எடுத்த வீடியோ யாருக்கும் பிரயோஜனமில்லை. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நான் பிடித்த கேஸில் இரண்டு மூன்று நின்றிருக்கும். வேறு ஒன்றிரண்டு, பிடித்திருக்கவே மாட்டேன்.

வருசநாடு எழுதியது:

தீர்ப்பு கிடைத்துவிட்டது. 31 பக்கம். நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன், புரியாத இடத்தை வக்கீல் சார் தனிச்செய்தியில் விளக்கினார்.

பிரிவு 50 பற்றி நீதிபதி ஒரே பத்தியில் முடித்துவிட்டார், பையில் எடுத்ததால் பொருந்தாது என்று. சார் சந்தேகப்பட்டது சரி. விடுதலைக்குக் காரணம் வேறு.

சம்பவ இடத்தில் காலை 5.30க்கு மகஜர் எழுதி முடித்ததாக அரசுத் தரப்பு சொல்கிறது. அப்புறம் ஸ்டேஷனுக்கு வந்து 7.15க்கு எஃப்.ஐ.ஆர். போட்டதாகச் சொல்கிறது. ஆனால் 5.30 மகஜரின் தலைப்பிலேயே குற்ற எண் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தானே எண் பிறக்கும்? அதே மை, அதே கையெழுத்து, பின்னால் சேர்த்ததாகவும் தெரியவில்லை. எஸ்.ஐ.யால் விளக்கம் சொல்ல முடியவில்லை. மகஜரை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நீதிபதி முடிவுக்கு வந்துவிட்டார். இரண்டாவது, மகஜரில் 21 கிலோ 500 கிராம், மாஜிஸ்திரேட் முன்னால் எடை போட்டபோது 19 கிலோ 700. இடையில் 43 நாள் பொருள் எங்கே இருந்தது என்று பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. வி.ஏ.ஓ. வேறு, தன்னிடம் கையெழுத்து வாங்கியது தாலுகா ஆபீஸ் வாசலில் என்று சொல்லிப் பிறழ்ந்துவிட்டார்.

நான் என் கண்ணால் பார்த்தேன், அவனிடம் பை இருந்தது. அன்று அங்கே நின்ற இருபது பேரில் ஒருவரையாவது சாட்சியாகப் போட்டிருந்தால்? என்னைக் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. உண்மையாக நடந்த ஒன்றை, நடக்காத மாதிரி எழுதி வைத்துவிட்டார்கள். என் கோபம் போகவில்லை, ஆனால் அது இப்போது சட்டத்தின் மேல் இல்லை.

அந்தக் குற்ற எண்ணை எஸ்.பி. அலுவலகத்திலும் அரசு வக்கீல் அலுவலகத்திலும் நாலு வருடத்தில் ஒருவரும் பார்க்கவில்லையா என்று கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். இந்த வழக்கில் மேல்முறையீடு வேண்டும் என்று எழுதவில்லை. இப்போது கோர்ட்டில் இருக்கிற இந்த மாதிரி வழக்குகளின் தாள்களை யாராவது இன்றைக்கே உட்கார்ந்து படியுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். மல்லி அம்மா, உங்கள் கேள்வியை உங்கள் வார்த்தையிலேயே அதில் சேர்த்துக்கொள்ளலாமா? ஊர், பெயர் எதுவும் போட மாட்டேன்.

அந்தப் பையனை அரசு மருத்துவமனை போதை மீட்பு வார்டில் சேர்த்து இன்றோடு பதினோரு நாள். நேற்று போனபோது கணக்குப் புத்தகம் கேட்டான்.

மல்லி எழுதியது:

சேர்த்துக்கொள்ளுங்கள் சார். இரண்டு வருடம் நாலு மாதம் என்பதை எழுத்தில் போடுங்கள், எண்ணில் போட்டால் சின்னதாகத் தெரிகிறது.

கருப்பு அங்கி எழுதியது:

மனுவை எனக்கு அனுப்புங்கள் ஐயா, இன்று சாயங்காலத்துக்குள் பார்த்துத் தருகிறேன். தீர்ப்பின் பத்தி எண்களை ஓரத்தில் போட்டுவிடுங்கள், படிக்கிறவர் தேட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் ரசீது முத்திரை வாங்காமல் வராதீர்கள்.